விலை ஏறினால் சலுகை, இறங்கினால் நெருக்கடி: இந்தியாவின் எண்ணெய்த் தேவையும் வெளியுறவுக் கொள்கையும்

2025 ஆகஸ்ட் 27 அன்று திருப்பூரிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் பின்னலாடைகளின் மீது கூடுதலாக 25 சதவீத வரி விழுந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் போட்ட 25 சதவீதத்தோடு சேர்த்து மொத்தம் 50. இந்தியா ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறது என்பதே புது வரிக்கு அமெரிக்கா சொன்ன காரணம். நிட்டிங், சாயப்பட்டறை, பிரிண்டிங், காஜா பட்டன், செக்கிங், பேக்கிங் என்று பல கை மாறி ஒரு டி-ஷர்ட் உருவாகும் அந்த ஊரில் எவரும் ரஷ்ய எண்ணெயை விலை பேசியதில்லை. அதை வாங்கியவை ஜாம்நகரிலும் வாடினாரிலும் உள்ள தனியார் சுத்திகரிப்பு ஆலைகளும், இந்தியன் ஆயில் போன்ற பொதுத்துறை நிறுவனங்களும். லாபம் ஓரிடத்தில் சேர்ந்தது, தண்டம் வேறோரிடத்தில் விழுந்தது. எண்ணெய் வாங்குவது வெறும் கொள்முதல் அல்ல, வெளியுறவு விவகாரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அண்மையில் இல்லை.

வேகமாக வளரும் ஒரு நாட்டின் எண்ணெய்ப் பசி அதன் வெளியுறவுக் கொள்கையை எப்படி வடிவமைக்கிறது? இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. எண்ணெய் உள்ள நாடுகளை அனுசரித்துப் போவதைத் தவிர வளரும் நாட்டுக்கு வேறு வழியில்லை என்பது ஒன்று. எண்ணெய் உலகச் சந்தையில் கிடைக்கும் சரக்கு, காசு இருந்தால் யாரிடமும் வாங்கலாம், அதற்கும் வெளியுறவுக்கும் பெரிய தொடர்பில்லை என்பது மற்றொன்று. இந்தியாவின் எழுபது ஆண்டு அனுபவம் இரண்டையும் முழுதாக ஏற்கவில்லை. அதில் தெரியும் ஒழுங்கு வேறு. எண்ணெய் விஷயத்தில் இந்தியாவுக்குக் கிடைக்கும் சுதந்திரத்தின் அளவு பெரும்பாலும் உலகச் சந்தை விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கிறது. இந்த வாதம் எங்கே நிற்கிறது, எங்கே தடுக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரை. 2025 வரையிலான நிகழ்ச்சிகளையே எடுத்துக்கொள்கிறேன்.

பசியின் அளவு

இந்தியா உலகின் மூன்றாவது பெரிய எண்ணெய் நுகர்வோர்; அமெரிக்காவும் சீனாவும்தான் முன்னால் இருக்கின்றன. 2024-25 நிதியாண்டில் சுமார் 24.3 கோடி டன் கச்சா எண்ணெயை இறக்குமதி செய்தது. அதற்கான செலவு ஏறத்தாழ 13,700 கோடி டாலர். உள்நாட்டு உற்பத்தியோ 2011-12இல் சுமார் 3.8 கோடி டன்னைத் தொட்டு, பிறகு படிப்படியாகச் சரிந்து, 2.9 கோடி டன்னுக்குக் கீழே வந்துவிட்டது. மும்பை ஹை போன்ற பழைய வயல்கள் வற்றிவருகின்றன. அவற்றுக்கு ஈடாகப் பெரிய வயல் எதுவும் கிடைக்கவில்லை.

1980களின் நடுப்பகுதியில் தன் தேவையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை நாடே உற்பத்தி செய்துகொண்டது. இன்று நிலைமை தலைகீழ். இறக்குமதியைச் சார்ந்திருக்கும் அளவை 2022க்குள் 77 சதவீதத்திலிருந்து 67 ஆகக் குறைக்க வேண்டும் என்று 2015இல் பிரதமர் மோடி இலக்கு வைத்தார். 2024-25இல் அது 88 சதவீதமாக ஏறியிருந்தது. 2023க்கும் 2030க்கும் இடையில் இந்தியாவின் தேவை நாளொன்றுக்கு மேலும் சுமார் 12 லட்சம் பீப்பாய் கூடும் என்றும், உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கூடாது என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை 2024இல் கணித்தது.

இந்தப் புள்ளிவிவரங்களில் வெளியுறவுக் கொள்கைக்கு முக்கியமானது அளவைவிட விலைதான். 24.3 கோடி டன் என்பது சுமார் 180 கோடி பீப்பாய். பீப்பாய்க்கு ஒரு டாலர் ஏறினால் ஆண்டுக்கு 180 கோடி டாலர் கூடுதலாகப் போகும். பெருந்தொற்றுக் காலமான 2020-21இல் கச்சா எண்ணெய்க்கு இந்தியா செலவழித்தது சுமார் 6,200 கோடி டாலர். உக்ரைன் போருக்குப் பிந்தைய 2022-23இல் சுமார் 15,800 கோடி. இடையில் வாங்கிய அளவு இரண்டரை மடங்கு ஏறிவிடவில்லை, பெரிதும் ஏறியது விலைதான். ரூபாயின் மதிப்பு, பணவீக்கம், உர மானியம், பஸ் கட்டணம் எல்லாம் இந்த ஒரு கணக்கில் தொங்குகின்றன. அதனால்தான் டில்லியின் எண்ணெய் ராஜதந்திரத்தில் ‘எங்கே கிடைக்கும்’ என்ற கேள்வியைவிட ‘என்ன விலைக்கு’ என்ற கேள்வி எப்போதும் முந்திக்கொள்கிறது.

1960: முதல் தள்ளுபடி

ரஷ்ய எண்ணெய்த் தள்ளுபடி என்றதும் 2022தான் நினைவுக்கு வரும். ஆனால் இதே நாடகம் 1960இல் ஒருமுறை நடந்திருக்கிறது. அன்று இந்தியாவின் பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் மூன்றும் பர்மா-ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் என்ற மேலைநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தன. இரண்டு டிராம்பேயில், ஒன்று விசாகப்பட்டினத்தில். சோவியத் ஒன்றியம் சந்தையைவிடக் குறைந்த விலைக்குக் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. அதைச் சுத்திகரிக்க அந்த நிறுவனங்கள் மறுத்துவிட்டன. தங்கள் தாய் நிறுவனங்கள் மேற்காசியாவில் எடுக்கும் எண்ணெயைத்தான் ஓட்டுவோம் என்றன. என்றாலும் சோவியத் விலையைக் காட்டி இந்தியா பேரம் பேசியதில் தங்கள் விலையை ஓரளவு இறக்க வேண்டியதாயிற்று.

எண்ணெய் விலை குறைந்தால் மட்டும் போதாது, அதைக் காய்ச்சும் ஆலையும் கையில் இருக்க வேண்டும் என்பதை அந்த மறுப்பு உணர்த்தியது. எண்ணெய் அமைச்சராக இருந்த கே.டி. மாளவியா இந்த வழியில் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். 1956இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் (ஓஎன்ஜிசி) உருவானது. சோவியத் வல்லுநர்களின் உதவியோடு 1958இல் காம்பேயிலும் 1960இல் அங்கலேஷ்வரிலும் எண்ணெய் கிடைத்தது. ருமேனியா உதவியில் குவாஹாட்டியிலும், சோவியத் உதவியில் பரௌனி, கோயாலியிலும் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. அணிசேராமைக்கு எண்ணெயில் ஓர் அடித்தளம் கிடைத்தது இப்படித்தான்.

அந்த அடித்தளம் மாஸ்கோவை மட்டும் நம்பி நிற்கவில்லை. அதற்கு நல்ல சாட்சி சென்னை மணலியில் இருக்கிறது. இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் 1965இல் கூட்டுச் சேர்ந்து மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தை அமைத்தன. 74 சதவீதப் பங்கு அரசுக்கு, மற்ற இருவருக்கும் தலா 13. 1969இல் ஆலை ஓடத் தொடங்கியபோது ஈரானியக் கச்சா எண்ணெயைக் காய்ச்சும்படி அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க மூலதனமும் ஈரானிய எண்ணெயும் இந்தியப் பொதுத்துறையும் ஒரே வேலிக்குள் இருந்தன. ஷா ஆட்சி போய் இஸ்லாமியக் குடியரசு வந்தபின்னும் ஈரானின் பங்கு அங்கே தொடர்ந்தது. அமோகோ பின்னர் வெளியேறியது. ஈரானிய நிறுவனத்தின் துணை நிறுவனம் பங்குதாரராக நீடித்தது. வாஷிங்டனும் தெஹ்ரானும் பேசிக்கொள்ளாத பல ஆண்டுகளிலும் மணலி ஆலையின் பங்குதாரர் பட்டியலில் ஈரானின் பெயர் இருந்தது.

1973 முதல் 1991 வரை: விலையின் அடி

1973 அக்டோபர் போருக்குப் பிறகு சில மாதங்களில் பீப்பாய் மூன்று டாலரிலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாக உயர்ந்தது. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த முதல் அரபு அல்லாத நாடு இந்தியா. இதை எண்ணெய்க்காகச் செய்த சமரசம் என்று மட்டும் படிப்பது தவறு. பாலஸ்தீனப் பிரிவினையை இந்தியா 1947இலேயே ஐ.நா.வில் எதிர்த்திருந்தது, அரபு நாடுகளைப் பாகிஸ்தான் தன் பக்கம் இழுத்துவிடாமல் தடுக்கும் கவலையும் இருந்தது. எண்ணெய் அந்தப் பழைய நிலைப்பாட்டுக்கு வேகம் கூட்டியது, அவ்வளவே.

ஷாவின் ஈரானோடு வேறு வகைப் பேரம் நடந்தது. எண்ணெய்ப் பணத்தில் மிதந்த தெஹ்ரான், கர்நாடகத்தின் குதிரேமுக் இரும்புத் தாதுச் சுரங்கத்துக்கு 63 கோடி டாலர் கடன் தர 1975இல் ஒப்புக்கொண்டது. தாது ஈரானின் எஃகு ஆலைகளுக்குப் போவதாக ஏற்பாடு. 1979 புரட்சி வந்ததும் கடனும் பாதியில் நின்றது, வாங்குபவரும் இல்லாமல் போனார். எண்ணெய் நாட்டோடு நெடுங்கால உறவு வைப்பதில் உள்ள ஆபத்தை இந்தியா கற்றுக்கொண்ட முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம் கடுமையானது. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்தைப் பிடித்தார். ஈராக், குவைத் இரண்டும் இந்தியாவுக்கு எண்ணெய் தந்த நாடுகள். இரண்டிலும் இந்தியத் தொழிலாளர்கள் ஏராளம். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் சென்று சதாமைத் தழுவிக்கொண்ட படம் உலகெங்கும் விமர்சிக்கப்பட்டது. ஆனால் அவருடைய கவலை குவைத்தில் சிக்கியவர்களைப் பற்றியது. 1,70,000க்கும் மேற்பட்டோர் அம்மான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டனர். அடுத்த சில மாதங்களில் எண்ணெய்ச் செலவு எகிறியது, வளைகுடாவிலிருந்து வந்த பணம் வற்றியது. அந்நியச் செலாவணி கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு இறங்க, ரிசர்வ் வங்கி 1991 ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கிக்கு அனுப்பி அடகு வைத்தது. அதற்கு முன்பு 20 டன் சுவிஸ் வங்கி ஒன்றிடம் போயிருந்தது. அந்த ஜனவரியில் அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்தியாவில் எரிபொருள் நிரப்பிக்கொள்ளச் சந்திரசேகர் அரசு அனுமதித்ததும், எதிர்ப்பு வலுத்ததும் நிறுத்தியதும் இதே நெருக்கடியின் நிழலில்தான். பன்னாட்டு நிதியத்தின் கடனுக்காகக் காத்திருந்த நாடு அமெரிக்காவைப் பகைத்துக்கொள்ள முடியாது.

பொருளாதாரத் தாராளமயத்துக்கு 1991 வழிவிட்டது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த வழியைத் திறந்த சாவிகளில் ஒன்று எண்ணெய் விலை என்பது அதற்கிணையாகப் பேசப்படுவதில்லை.

வெளிநாட்டு வயல்களைத் தேடி

2000களில் வளர்ச்சி எட்டு, ஒன்பது சதவீதத்தைத் தொட்டபோது புதிய சிந்தனை பரவியது: வாங்கினால் போதாது, வயலையே சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓஎன்ஜிசியின் வெளிநாட்டுக் கிளையான ஓஎன்ஜிசி விதேஷ் 2001இல் ரஷ்யாவின் சகலின்-1இல் 20 சதவீதமும், 2003இல் சூடானின் கிரேட்டர் நைல் திட்டத்தில் 25 சதவீதமும் வாங்கியது. சூடான் பங்கு கிடைத்ததற்கே காரணம், மனித உரிமை விமர்சனம் தாங்காமல் கனடாவின் டாலிஸ்மன் நிறுவனம் விலகியதுதான். மேலைநாடுகள் விலகும் இடங்களில்தான் பெரும்பாலும் புதிதாக வளரும் நாடுகளுக்கு வயல் கிடைக்கும். அந்த வயல்களோடு அந்தந்த அரசுகளின் அவப்பெயரும் ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தப் போட்டியில் சீனா எங்கும் முன்னால் நின்றது. 2004இல் அங்கோலாவில் ஷெல்லின் பங்கை வாங்க இந்தியா பேசி முடித்திருந்தது. சீனா 200 கோடி டாலர் கடனை அங்கோலாவுக்கு நீட்டியது, பங்கு சீன நிறுவனமான சினோபெக்குக்குப் போனது. 2005இல் பெட்ரோகஜகஸ்தான் ஏலத்திலும் சீன நிறுவனம் 418 கோடி டாலருக்கு வென்றது. போட்டியால் விலை ஏறுவதே மிச்சம் என்று கண்ட எண்ணெய் அமைச்சர் மணிசங்கர் ஐயர் 2006 ஜனவரியில் பீஜிங் சென்று ஒத்துழைப்பு உடன்பாடு போட்டார். அந்த மாத இறுதியிலேயே அவரிடமிருந்து எண்ணெய்த் துறை பறிபோனது.

சொந்த வயல் என்ற கருத்து எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு மியான்மர் உதாரணம் போதும். அரக்கான் கடற்கரையில் கண்டெடுத்த ஷ்வே எரிவாயு வயல்களில் ஓஎன்ஜிசி விதேஷுக்கும் பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலுக்கும் பங்கு இருந்தது. வங்கதேசம் வழியாகக் குழாய் போடும் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. முடிவில் 2013 முதல் அந்த எரிவாயு சியாக்பியூவிலிருந்து சீனாவின் யுன்னானுக்குப் போகிறது. பங்கு இந்தியாவுக்கு, எரிவாயு சீனாவுக்கு. சூடானிலும் 2011இல் நாடு பிளந்ததும் வயல் பெரும்பாலும் தெற்கில், குழாய் வடக்கில் என்றாகி 2012இல் உற்பத்தியே நின்றது. வெளிநாட்டு வயல் என்பது முதலீடு. ஆபத்துக் காலத்தில் கைக்கு வந்துசேரும் எரிபொருள் என்று அதை நம்ப முடியாது. கொள்கை வகுப்பவர்களில் பலர் இன்று இந்தக் கருத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஈரான்: மூன்று தேர்வுகள்

இந்தியாவின் எண்ணெய்த் தேவையும் அமெரிக்க உறவும் நேருக்கு நேர் மோதிய இடம் ஈரான். முதல் மோதல் 2005இல். அந்த ஜூலையில்தான் மன்மோகன் சிங்கும் புஷ்ஷும் அணுசக்தி ஒத்துழைப்புக்கான கூட்டறிக்கை வெளியிட்டிருந்தார்கள். அதே காலத்தில் பாகிஸ்தான் வழியாக ஈரானிய எரிவாயுவைக் கொண்டுவரும் குழாய்த் திட்டம் சூடாகப் பேசப்பட்டது. செப்டம்பரில் பன்னாட்டு அணுசக்தி முகமையில் ஈரானுக்கு எதிரான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2006 பிப்ரவரியில் மீண்டும் ஆதரித்தது. குழாய்த் திட்டம் மெல்ல மங்கியது. ஆனால் ஈரானியக் கச்சா எண்ணெய் வருவது நிற்கவில்லை. எதிர்கால எரிவாயுவைக் கைவிட்டு, நிகழ்கால எண்ணெயைக் காப்பாற்றிக்கொண்டது டில்லி.

இரண்டாவது மோதல் 2010-12இல், பணம் செலுத்தும் வழியில் வந்தது. ஆசிய தீர்வக ஒன்றியம் மூலம் ஈரானுக்குப் பணம் கட்டுவதை 2010 டிசம்பரில் ரிசர்வ் வங்கி நிறுத்தியது. பிறகு துருக்கியின் ஹல்க் வங்கி வழியாகப் போனது. 2012 முதல் 45 சதவீதத் தொகை ரூபாயாக யூகோ வங்கியில் ஈரானின் கணக்கில் சேர்ந்தது. அந்த ரூபாயைக் கொண்டு ஈரான் பாசுமதி அரிசியும் மருந்தும் வாங்கியது. அமெரிக்கா முழுத் தடை கோரவில்லை. படிப்படியாகக் குறைத்தால் விலக்கு என்றது. அதற்குக் காரணம் உண்டு. 2012இல் உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா ஆண்டுச் சராசரியாக 110 டாலருக்கு மேல் இருந்தது. ஈரானைத் தவிர்த்தும் சந்தையில் போதிய எண்ணெய் இருக்கிறதா என்று அதிபர் அவ்வப்போது உறுதி செய்ய வேண்டும் என அந்தத் தடைச் சட்டமே சொன்னது. இந்தியாவுக்குக் கிடைத்த சலுகை இந்தியாவின் மேல் கொண்ட கரிசனத்தால் மட்டும் வந்ததல்ல. அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் விலை ஏறிவிடக் கூடாதே என்ற கவலையும் அதில் இருந்தது.

மூன்றாவது 2018-19. ஈரானோடு செய்த அணு ஒப்பந்தத்திலிருந்து டிரம்ப் விலகியதும், ஐ.நா. தடைகளை மட்டுமே இந்தியா ஏற்கும், ஒரு தனி நாட்டின் தடையை அல்ல என்று வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் 2018 மே மாதம் அறிவித்தார். அந்த நவம்பரில் இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளுக்கு ஆறு மாத விலக்கு கிடைத்தது. 2019 மே மாதம் விலக்கு முடிந்தது. ஈரானிலிருந்து இந்தியாவின் கொள்முதல் பூஜ்யமானது. அதற்குள் அமெரிக்க ஷேல் எண்ணெய் உற்பத்தி வரலாறு காணாத அளவை எட்டியிருந்தது, பிரெண்ட் 70 டாலரை ஒட்டி இருந்தது. ஈரானிய எண்ணெயைச் சந்தையிலிருந்து அகற்றினாலும் விலை பொங்காது என்ற நம்பிக்கை வாஷிங்டனுக்கு வந்திருந்தது. இந்திய நிறுவனங்கள் 2008இல் கண்டுபிடித்த ஃபர்சாத்-பி எரிவாயு வயலை 2021இல் ஈரான் தன் உள்நாட்டு நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டது.

ரஷ்யா: சலுகையும் தண்டமும்

2022க்கு முன் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீத அளவில்தான் இருந்தது. தூரம் அதிகம், கப்பல் கூலி கட்டாது. 2022 மார்ச்சில் பிரெண்ட் 139 டாலர் வரை போய்த் திரும்பியது. ஐரோப்பா ஒதுக்கிய ரஷ்யாவின் யூரல்ஸ் கச்சா 30 டாலருக்கும் மேற்பட்ட தள்ளுபடியில் வாங்குவோரைத் தேடியது. இரண்டு ஆண்டுக்குள் ரஷ்யாவின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டி, அது இந்தியாவின் முதன்மை விற்பனையாளர் ஆனது. ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானங்களில் இந்தியா வாக்களிக்காமல் விலகியது. இந்தியா ஒரு மாதத்தில் வாங்குவதை ஐரோப்பா ஒரு பிற்பகலில் வாங்கிவிடும் என்ற பொருளில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் 2022 ஏப்ரலில் வாஷிங்டனில் கொடுத்த பதிலடி இங்கே பெரிதும் ரசிக்கப்பட்டது.

தன்மானமிக்க வெளியுறவுக் கொள்கையின் வெற்றி என்று அதைக் கொண்டாடியவர்கள் மறுபக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஜி-7 நாடுகள் 2022 டிசம்பர் 5 முதல் விதித்த 60 டாலர் விலை உச்சவரம்பின் நோக்கம் ரஷ்ய எண்ணெயை நிறுத்துவது அல்ல. அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ரஷ்யாவின் வருமானம் மட்டும் குறைய வேண்டும். மேலைநாட்டுக் காப்பீட்டையும் கப்பல் சேவையையும் பயன்படுத்தாதவரை இந்தியா எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அமெரிக்க நிதியமைச்சர் ஜேனட் யெல்லன் அந்த நவம்பரிலேயே சொன்னார். யாராவது வாங்கினால்தான் விலை அடங்கும் என்பதால் இந்தியா வாங்குவதை அமெரிக்காவே விரும்பியதாக அதன் இந்தியத் தூதர் எரிக் கார்செட்டி 2024இல் வெளிப்படையாகப் பேசினார். இந்தியாவின் துணிச்சலும் அமெரிக்காவின் வசதியும் அன்று ஒரே திசையில் இருந்தன.

2025 நடுப்பகுதியில் திசைகள் பிரிந்தன. ஒபெக் கூட்டமைப்பு உற்பத்தியைக் கூட்டிவந்தது. பிரெண்ட் 65 முதல் 70 டாலருக்குள் கிடந்தது. ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்ய எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்ட் 49 சதவீதப் பங்கு வைத்திருக்கும் வாடினாரின் நயாரா ஆலையைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஆகஸ்டில் அமெரிக்காவின் தண்ட வரி. அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லூக்காயில் என்ற ரஷ்ய நிறுவனங்கள் இரண்டின் மீதும் அமெரிக்கத் தடை. அடுத்த மாதமே ரிலையன்ஸ் தன் ஏற்றுமதி ஆலைக்கு ரஷ்யக் கச்சா வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது.

வாங்குவது மலிவு, பணம் கட்டுவது சிக்கல் என்ற ஈரான் காலத்துப் பாடமும் திரும்ப வந்தது. 2024-25இல் இருநாட்டு வணிகம் சுமார் 6,870 கோடி டாலர். அதில் இந்தியா விற்றது 490 கோடி மட்டுமே. ரூபாயில் கட்டினால் அதை வைத்து என்ன செய்வது என்று ரஷ்யாவுக்குக் குழப்பம். இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கான ரூபாய் முடங்கிக் கிடப்பதை ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் எடுத்துச் சொன்னார். அதனால் வணிகத்தில் ஒரு பகுதி எமிரேட்ஸ் திர்ஹமுக்கு மாறியது.

நான்கு நிகழ்ச்சிகளையும் வரிசையில் வைத்துப் பாருங்கள். 2012இல் விலை 110க்கு மேல், படிப்படியாகக் குறைத்தால் விலக்கு. 2019இல் 70, விலக்கே இல்லை. 2022இல் 100ஐ ஒட்டி, முழு அனுமதி. 2025இல் 70க்குக் கீழே, தண்டம். இந்தியாவின் வாக்குச் சாதுரியமோ ஆட்சியில் இருக்கும் கட்சியோ விளக்காத ஒழுங்கை விலை விளக்குகிறது.

வளைகுடாவின் நிபந்தனைகள்

இந்த ஒழுங்குக்கு வெளியே நிற்பது வளைகுடா. அங்கே எண்ணெயோடு மனிதர்களும் கணக்கில் இருக்கிறார்கள். ஆறு வளைகுடா நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் வசிக்கிறார்கள், பெரும்பாலும் வேலைக்காகப் போனவர்கள்; கேரளத்தையும் தமிழ்நாட்டையும் தெலங்கானாவையும் சேர்ந்த குடும்பங்கள் பல அந்தச் சம்பளத்தில் வாழ்கின்றன. நம் வீட்டுச் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பகுதி ஹோர்முஸ் நீரிணை வழியாக வருவது. கச்சா எண்ணெயை வேறெங்கும் வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு தொழிலாளர்களுக்கும் இவ்வளவு எரிவாயுவுக்கும் மாற்று இடம் கிடையாது.

34 ஆண்டுகளாக இந்தியப் பிரதமர் எவரும் போகாத எமிரேட்ஸுக்கு 2015இல் மோடி போனதும், 2022இல் தடையற்ற வணிக உடன்பாடு வந்ததும், மங்களூரின் சேமிப்புக் குகையில் அபுதாபி நிறுவனம் எண்ணெய் நிரப்பியதும் இதன் விளைவுகள். நெருக்கத்துக்கு விலையும் உண்டு. 2022 ஜூனில் ஆளுங்கட்சிச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் நபிகள் நாயகம் குறித்துப் பேசியதைக் கண்டித்துக் கத்தாரும் குவைத்தும் இந்தியத் தூதர்களை அழைத்துப் பேசின. உள்நாட்டு எதிர்ப்புக்கு அசையாத கட்சி, அன்றே அவரை இடைநீக்கம் செய்தது. இந்தியாவின் உள்நாட்டுப் பேச்சுக்கும் எல்லை வகுக்கும் ஆற்றல் வளைகுடாவுக்கு இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

மறுபுறம் இஸ்ரேலோடு பாதுகாப்பு உறவு ஆழமாகிவிட்டது. ஈரானைத் தாக்கிய இஸ்ரேலைக் கண்டித்து ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையிலிருந்து இந்தியா தன்னை விலக்கிக்கொண்டது. அந்நாட்களில் ஹோர்முஸ் அடைபடுமோ என்ற பயத்தில் சந்தை நடுங்கிக்கொண்டிருந்தது. எல்லோரோடும் நட்பு என்ற கொள்கை, நண்பர்கள் ஒருவரையொருவர் சுடாதவரை நடைமுறைக்கு உகந்தது. 2019இல் ஓமான் வளைகுடாவில் டேங்கர்கள் தாக்கப்பட்டபோது கடற்படை ‘சங்கல்ப்’ நடவடிக்கையைத் தொடங்கி இந்தியக் கொடி தாங்கிய கப்பல்களுக்குத் துணை போனது. பேச்சில் நடுநிலை, கடலில் காவல் என்பதே அங்கே இன்றைய ஏற்பாடு.

திருகோணமலையின் தொட்டிகள்

எண்ணெய்த் தேவை அண்டை நாட்டுக் கொள்கையில் எப்படி நுழைகிறது என்பதைத் திருகோணமலையில் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷார் பயன்படுத்திய மாபெரும் எண்ணெய்த் தொட்டிகள் சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன. மொத்தம் 99. அந்தத் துறைமுகம் இந்திய நலனுக்கு எதிரான கைகளுக்குப் போய்விடக் கூடாது என்பதும், தொட்டிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பதும் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களிலேயே இருக்கின்றன. 2003இல் இந்தியன் ஆயிலின் இலங்கைத் துணை நிறுவனமான லங்கா ஐஓசி வந்து 14 தொட்டிகளை இயக்கியது. மிச்சத்தைப் பற்றிய பேச்சு பத்தொன்பது ஆண்டுகள் நீண்டு, 2022 ஜனவரியில் இலங்கை டாலர் இல்லாமல் தவித்த வேளையில் முடிந்தது: 61 தொட்டிகள் கூட்டு நிறுவனத்துக்கு, இலங்கைக்கு 51 சதவீதம், லங்கா ஐஓசிக்கு 49. அடுத்த மாதம் எரிபொருள் வாங்க இந்தியா 50 கோடி டாலர் கடன் கொடுத்தது. பெட்ரோல் வரிசையில் மக்கள் நாட்கணக்கில் நின்ற அந்த ஆண்டில், எரிபொருளே அரசியல் செல்வாக்கின் நாணயம் ஆனது.

2025இல் போட்டி வெளிப்படையானது. ஜனவரியில் அம்பாந்தோட்டையில் 370 கோடி டாலர் சுத்திகரிப்பு ஆலைக்குச் சீனாவின் சினோபெக் உடன்பாடு போட்டது. ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, எமிரேட்ஸ் மூன்றும் கையெழுத்திட்டன. தானே எண்ணெய்க்கு ஏங்கும் நாடு, தன்னைவிடச் சிறிய நாட்டின் ஏக்கத்தைத் தன் செல்வாக்குக்குப் பயன்படுத்துகிறது. இதில் இந்தியாவும் சீனாவும் வேறுபடவில்லை.

எங்கே தடுக்கிறது இந்த வாதம்?

விலையை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது. 2025இல் ரஷ்ய எண்ணெயை இந்தியாவைவிட அதிகம் வாங்கியது சீனா. தண்ட வரி இந்தியாவுக்கு மட்டும் விழுந்தது. அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி அமெரிக்க ஆலைகளை நிறுத்தக்கூடிய ஆயுதம் சீனாவிடம் இருந்தது. ஏப்ரலில் அதை உருவிக் காட்டியும் இருந்தது. இந்தியாவிடம் அப்படியொன்று இல்லை. அப்போது முறிந்து கிடந்த வணிகப் பேச்சு, டிரம்பின் சொந்தப் போக்கு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. விலை இறங்கும்போது நெருக்கடிக்கான கதவு திறக்கும். அதற்குள் எந்த நாட்டைத் தள்ளுவார்கள் என்பதை மற்ற பலங்கள் முடிவு செய்யும்.

இந்தியாவிடம் உள்ள பலமும் சிறிதல்ல. ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் சுத்திகரிக்கும் திறன், கனமான கச்சாவோ கந்தகம் மிகுந்த கச்சாவோ எதையும் காய்ச்சத் தெரிந்த ஜாம்நகர் போன்ற ஆலைகள், ஈரான் நின்றால் ஈராக், வெனிசுவேலா நின்றால் ரஷ்யா என்று வாரக் கணக்கில் மாறிக்கொள்ளும் கொள்முதல் அனுபவம். 1960இல் ஆலை இல்லாமல் தோற்ற நாடு இன்று ஆலையால்தான் பேரம் பேசுகிறது. இல்லாதது சேமிப்பு. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய மூன்று நிலத்தடிக் குகைகளின் கொள்ளளவு 53.3 லட்சம் டன். ஒன்பதரை நாள் தேவைக்குச் சரி. நிறுவனங்களின் கையிருப்பைச் சேர்த்தால் இரண்டு மாதத்துக்கும் சற்று மேல் தாங்கும். பன்னாட்டு எரிசக்தி முகமை தன் உறுப்பினர்களிடம் கேட்பதோ 90 நாள் இறக்குமதிக்கு ஈடான கையிருப்பு. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதும் மின் வாகனங்களும் தேவையின் ஏற்றத்தைச் சற்றுக் குறைக்கும். இந்தப் பத்தாண்டுக்குள் அதை நிறுத்தாது.

இதிலிருந்து பெறும் பாடம் வழக்கமாக நாம் நினைப்பதற்கு நேர்மாறானது. எண்ணெய் மலிந்தால் அரசு நிம்மதி அடைகிறது, கலால் வரியைக் கூட்டிக்கொள்கிறது, சார்பைக் குறைக்கும் திட்டங்களைத் தள்ளிப்போடுகிறது. ராஜதந்திர நோக்கில் பார்த்தால் மலிவுக் காலமே ஆபத்துக் காலம். அப்போதுதான் ஒரு விற்பனையாளரைக் கைவிடச் சொல்லும் துணிச்சல் வல்லரசுகளுக்கு வருகிறது. தொட்டிகளை நிரப்பச் செலவு குறைவதும் அப்போதுதான். 2020 ஏப்ரல், மே மாதங்களில் சராசரி 19 டாலருக்கு வாங்கி மூன்று குகைகளையும் நிரப்பியதில் சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சமானதாக அரசே கணக்குச் சொன்னது. அன்று குகைகள் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் மிச்சமும் பெருகியிருக்கும், பின்னாளில் பேரம் பேச அவகாசமும் கிடைத்திருக்கும். ஒடிசாவின் சண்டிக்கோலிலும் பாதூரிலும் மேலும் 65 லட்சம் டன்னுக்கு இடம் அமைக்க 2021இல் ஒப்புதல் கிடைத்தது. அந்தக் குகைகளைத் தோண்டும் வேகத்தை எண்ணெய் அமைச்சகத்தின் கட்டுமானக் கணக்காக மட்டும் பார்க்காமல் வெளியுறவு அமைச்சகமும் தன் கவலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்க்கான தண்டத்தைத் திருப்பூரின் தையல் மேசைகள் கட்டாமலிருக்க வேண்டுமென்றால், அதற்கான தற்காப்பை விலை மலிந்த நாட்களில்தான் கட்டி முடிக்க முடியும்.